ஜனவரிக் குளிரில் கொரியாவின் அரண்மனைகளும் மதில்களும்: நடந்தே பார்க்க ஒரு வழிகாட்டி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. மைனஸ் ஒன்பது டிகிரி. சியோலில் கியோங்போக்குங் அரண்மனை வாசலில் நானும் அப்பாவும் நின்றிருந்தோம். கதவு சாத்தியிருந்தது. சீக்கிரம் வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று இருபது நிமிடம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற பிறகு, அந்தப் பக்கமாக வந்த ஒரு அம்மா இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டிவிட்டுப் போனார். செவ்வாய்தோறும் அங்கே விடுமுறை. அது எங்களுக்குத் தெரியவில்லை.

குளிருக்குப் பயந்து மூன்று மாதம் தயாரானோம். குளிரை எப்படியோ சமாளித்தும் விட்டோம். கிழமையும் மணியும்தான் எங்களைத் திண்டாட வைத்தன. அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சியோல், சுவோன், கியோங்ஜு மூன்று ஊர்களும், ஒன்பது நாளும் கணக்கு. விலையெல்லாம் நாங்கள் போனபோது இருந்தவை. 1,000 வோன் என்பது சுமார் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் தேதியைப் பாருங்கள், டிக்கெட்டை அல்ல

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும் வரை குளிர்தான். ஜனவரியில் சியோலின் சராசரி வெப்பம் மைனஸ் 2 டிகிரி அளவில் இருக்கும்; குளிர் அலை அடித்தால் விடியற்காலையில் மைனஸ் 15 வரை போகும். பனி தினமும் கொட்டாது. பெரும்பாலான நாட்களில் வானம் நீலமாக, காற்று உலர்ந்து, வெயில் அடித்துக்கொண்டே குளிரும். நடப்பதற்கு அது நல்ல வானிலைதான்.

பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடுவதுதான் பிரச்சினை. டிசம்பர் கடைசியில் ஏழே முக்காலுக்குத்தான் சூரியன் உதிக்கிறது, ஐந்தே காலுக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. பெரும்பாலான அரண்மனைகள் ஒன்பது மணிக்குத் திறக்கும். ஆகவே ஒரு நாளில் நடக்கக் கிடைப்பது எட்டு மணி நேரம். அதில் மதியச் சாப்பாட்டையும் கதகதப்புக்காக ஒதுங்கும் நேரத்தையும் கழித்தால் ஆறு. ஒரு நாளுக்கு மூன்று இடம் என்று நாங்கள் போட்டிருந்த பட்டியல் முதல் நாளே பொத்தென்று விழுந்தது. இரண்டு போதும்.

சொல்லால் என்னும் சந்திரப் புத்தாண்டு ஜனவரிக் கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும், வருடத்துக்கு வருடம் தேதி மாறும். நம் ஊர்ப் பொங்கல் மாதிரி ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். ரயில் டிக்கெட் கிடைக்காது, சிறு சாப்பாட்டுக் கடைகள் இரண்டு மூன்று நாள் மூடிவிடும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

2. விசா: ஆறு வாரம் முன்னால் தொடங்குங்கள்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது கே-ஈடிஏ என்ற அனுமதி. அது விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கானது, இந்தியர்களுக்குப் பொருந்தாது. எங்களுக்கு ஆலோசனை சொன்ன ஒரு ஏஜெண்ட்டே, “அதைப் போட்டுவிடலாம், இரண்டே நாளில் வந்துவிடும்” என்று பணம் கேட்டார். கொடுக்காமல் தப்பித்தோம். இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் விசா வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம்; அவர்கள் கே-ஈடிஏ விதி அந்தந்த வருடம் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுற்றுலாவுக்கு நீங்கள் கேட்க வேண்டியது சி-3-9 என்ற குறுகிய கால விசா. சென்னையில் கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது, ஆனால் விண்ணப்பம் விசா மையம் வழியாகத்தான் போகும். நாங்கள் கொடுத்த காகிதங்கள் இவை: ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அதன் நகல், 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படம், கையெழுத்திட்ட விண்ணப்பம், எங்கே எந்த நாள் என்று எழுதிய பயணத் திட்டம், ஏன் போகிறோம் என்று ஒரு பக்கக் கடிதம், வங்கி முத்திரையுடன் ஆறு மாதக் கணக்கு அறிக்கை, மூன்று வருட வருமான வரித் தாக்கல், அலுவலகத்தில் விடுப்பு அனுமதித்த கடிதம், சம்பளச் சீட்டு, அறை மற்றும் விமான முன்பதிவு.

அப்பா ஓய்வு பெற்றவர். அவருக்கு ஓய்வூதிய ஆவணமும், செலவை நான் ஏற்கிறேன் என்று என் கடிதமும், அவர் என் அப்பாதான் என்று காட்ட என் பாஸ்போர்ட் நகலும் சேர்த்தோம். கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ள மாதிரியே இருக்க வேண்டும். அப்பா முப்பது வருடமாக வங்கியில் போட்டுவந்த கையெழுத்தை விண்ணப்பத்தில் போட்டுவிட்டார். மையத்தில் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார்கள்.

ஒருமுறை நுழையும் விசாவுக்கு 40 டாலருக்கு இணையான ரூபாய், அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். விசா வரும் முன் ரத்து செய்ய முடியாத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று கணக்கில் பெரிய தொகையைப் போட்டு வைப்பதும் வேண்டாம், அது கண்ணை உறுத்தும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஸ்டிக்கரும் இல்லை, முத்திரையும் இல்லை. நிராகரித்துவிட்டார்கள் என்றே நினைத்து அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். கொரியா இப்போது விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை. கொரிய அரசின் விசா இணையதளத்தில் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி கொடுத்தால் விசா வழங்கிய அறிவிப்பு தாளாகக் கிடைக்கும். அதை அச்செடுத்து இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய கவுண்டரில் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று, மின் வருகை அட்டை. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பலாம். இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

3. பணம், கார்டு, போன்

வோன் நம் ஊரில் நல்ல விலைக்குக் கிடைப்பது கஷ்டம். டாலராகக் கொண்டுபோய் சியோலில் மியோங்தோங் பகுதியில் உள்ள மாற்றுக் கடைகளில் மாற்றினோம். விமான நிலையத்தில் அன்றைய செலவுக்கு மட்டும். கடைகளில் எல்லா இடத்திலும் கார்டு செல்லும், ஆனால் டி-மணி என்ற பயண அட்டைக்குப் பணம் ஏற்ற ரொக்கம் வேண்டும். அந்த அட்டை எந்தக் கன்வீனியன்ஸ் கடையிலும் கிடைக்கும். மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 1,550 வோன். பஸ்ஸில் இறங்கும்போதும் அட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டும், மறந்தால் அடுத்த பஸ்ஸுக்கு மாறும் சலுகை போய்விடும்.

சியோலுக்குள் மட்டும் சுற்றும் நாட்களுக்கு ‘கிளைமேட் கார்டு’ என்று ஒரு பாஸ் இருக்கிறது: ஒரு நாளுக்கு 5,000 வோன், மூன்று நாளுக்கு 10,000. ஒரு நாள் பாஸ் என்றால் நான்கு தடவை ஏறி இறங்கினால்தான் லாபம். நடக்க வந்தவர்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. தவிர, அது சுவோனில் செல்லாது.

கொரியாவில் கூகிள் மேப்பை நம்பி நடக்க முடியாது, நடைவழி காட்டுவதில் அது அங்கே நொண்டி. நேவர் மேப்பை ஊரிலேயே இறக்கி, போகும் இடங்களைக் குறித்து வைத்துவிடுங்கள். மைனஸ் பத்தில் என் போன் நாற்பது சதவீதத்தில் இருந்து சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. வெளிப் பாக்கெட்டில் வைக்காமல் உள் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்தால் தாங்கும். எங்கே மாட்டிக்கொண்டாலும் 1330 என்ற எண்ணை அழையுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண், ஆங்கிலத்தில் பேசுவார்கள், இரவிலும் எடுப்பார்கள்.

திடீரென்று போன் சைரன் மாதிரி அலறி, கொரிய மொழியில் ஏதோ செய்தி வந்தால் பயப்படாதீர்கள். பனி எச்சரிக்கையாக இருக்கும். முதல் தடவை அப்பா தூக்கத்தில் இருந்து எழுந்து பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

4. உடையும் காலணியும்

பெரிய கோட்டு ஒன்று வாங்கினால் போதும் என்பது நம் ஊர்க் கணக்கு. அங்கே மெட்ரோ, பஸ், கடை எல்லாவற்றிலும் ஹீட்டர் போட்டு வேகவைப்பார்கள். வெளியே நடுக்கம், உள்ளே வியர்வை, அந்த வியர்வையோடு மறுபடி வெளியே. அதனால் அடுக்கடுக்காகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்று புகாத ஜாக்கெட். ஜீன்ஸ் வேண்டாம், பனியில் நனைந்தால் பலகை மாதிரி ஆகிவிடும். காதை மூடும் குல்லா இல்லாமல் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள், தெரியும்.

காலணியில் கஞ்சத்தனம் வேண்டாம். அடிப்பகுதி வழுக்காததாக, இரண்டு கம்பளி சாக்ஸ் போட இடம் இருக்கும்படி ஒரு சைஸ் பெரியதாக. ஊரிலேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்குங்கள், புது ஷூவோடு போய்க் கொப்புளம் வாங்காதீர்கள். மதில் ஏறுவதானால் ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை வேண்டும். கொரியர்கள் அதை ஐஜென் என்கிறார்கள். டைசோ கடையில் 5,000 வோனுக்குள் கிடைத்தது.

ஹாட் பேக் என்ற சூட்டுப் பொட்டலம் கன்வீனியன்ஸ் கடைகளில் சுமார் 1,000 வோன். பிரித்துக் குலுக்கினால் பல மணி நேரம் சூடாக இருக்கும். தோலில் நேராக ஒட்டாதீர்கள். அப்பா பனியனுக்குள் இடுப்பில் ஒட்டிக்கொண்டு தூங்கிவிட்டார், காலையில் தீப்பட்டது போல ஒரு சிவந்த சதுரம்.

காற்று வறண்டிருப்பதால் உதடும் குதிகாலும் வெடிக்கும். நான் கொண்டுபோன தேங்காயெண்ணெய் பாட்டில் முதல் இரவே கல்லாகிவிட்டது, கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வரவில்லை. தங்கிய வீட்டில் தரைக்கு அடியில் சூடு ஓடும் ஒண்டோல் இருந்தது. பாட்டிலைத் தரையில் படுக்கவைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தேன், உருகியிருந்தது. அதன் பிறகு சாக்ஸ், கையுறை, நாளை போடும் சட்டை எல்லாமே இரவில் தரைக்குப் போயின.

5. சியோல் அரண்மனைகள்: கிழமைக் கணக்கை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்

எங்களுக்கு இடறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கியோங்போக்குங்குக்கும் ஜோங்மியோ என்ற அரச மூதாதையர் ஆலயத்துக்கும் செவ்வாய் விடுமுறை. சாங்தொக்குங், சாங்கியோங்குங், தொக்சுகுங் மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. ஜோங்மியோவில் இன்னொரு சிக்கல்: வார நாட்களில் குறிப்பிட்ட நேரத்தில் கிளம்பும் வழிகாட்டிக் குழுவோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள், சனி, ஞாயிறுகளில் நாமாகவே சுற்றலாம். ஆகவே இப்படி வையுங்கள். சனி அல்லது ஞாயிறு ஜோங்மியோ, திங்கள் கியோங்போக்குங், செவ்வாய் சாங்தொக்குங்கும் சாங்கியோங்குங்கும். புதனில் இருந்து வெளியூர். கட்டணம் கியோங்போக்குங், சாங்தொக்குங் இரண்டுக்கும் தலா 3,000 வோன், மற்ற மூன்றுக்கும் தலா 1,000.

குளிர்காலத்தில் கியோங்போக்குங் ஐந்து மணிக்கு மூடும், நான்கு மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். மெட்ரோ மூன்றாம் லைனில் கியோங்போக்குங் ஸ்டேஷனில் இறங்கி ஐந்தாம் வாசலில் ஏறினால் அரண்மனை வளாகத்திலேயே வெளிவருவீர்கள். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் காவலர் மாறும் சடங்கு நடக்கும். கடும் குளிரென்றால் ரத்து செய்துவிடுவார்கள், அதை நம்பி மட்டும் நேரத்தை ஒதுக்காதீர்கள்.

படத்தில் பார்க்கும்போது தோன்றாத விஷயம் ஒன்று உண்டு. அரண்மனை என்றாலும் நாம் இருப்பது முழுக்க வெட்டவெளியில். கட்டடங்களை வெளியே நின்று எட்டிப் பார்க்கத்தான் முடியும், உள்ளே போய் ஒதுங்க முடியாது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எங்காவது கதகதப்பாக நுழைந்தால்தான் கால் விரல் மிஞ்சும். கியோங்போக்குங் வளாகத்தில் தேசிய அரண்மனை அருங்காட்சியகமும் நாட்டுப்புற அருங்காட்சியகமும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், நல்ல ஹீட்டர், சுத்தமான கழிப்பறை, உட்கார பெஞ்சு. நாங்கள் அரண்மனையைப் பாதி பார்த்து, ஒரு மணி நேரம் அருங்காட்சியகத்தில் உறைந்த கை கால்களை மீட்டு, மறுபடி வெளியே போனோம்.

ஹான்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடையை வாடகைக்கு எடுத்தால் அரண்மனை நுழைவு இலவசம் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மிச்சமாவது 3,000 வோன், வாடகை பத்தாயிரத்தில் தொடங்கி முப்பதாயிரம் வரை போகும். படத்துக்காக என்றால் தாராளமாக எடுங்கள், சிக்கனத்துக்காக என்றால் வேண்டாம்.

அங்கிருந்து கிழக்கே சாங்தொக்குங்குக்கு நடந்தே போகலாம், அரை மணி நேரம். வழியில் புக்சோன், பழைய ஓட்டு வீடுகள் உள்ள குடியிருப்பு. அதன் முக்கியமான தெருக்களில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரைதான் அனுமதி. 2025 மார்ச்சில் இருந்து மீறினால் 100,000 வோன் அபராதம். அதிகாலை வெளிச்சத்தில் ஆளில்லாத படம் எடுக்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் தூங்க வேண்டாமா?

சாங்தொக்குங்கின் பின்பக்கத் தோட்டம் ஹூவோன். அதற்குத் தனியாக 5,000 வோன், குறிப்பிட்ட நேரத்தில் கிளம்பும் குழுவோடு மட்டும். ஆங்கிலக் குழு ஒரு நாளில் சில தடவைதான். முன்பதிவு ஆறு நாள் முன்னால் கொரிய நேரம் காலை பத்து மணிக்குத் திறக்கும், அதாவது நமக்கு ஆறரை மணி. கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம்; ஒரு பகுதி இடங்களை அன்று காலையில் வாசலிலேயே விற்கிறார்கள். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஒன்பதுக்குள் போய் நின்றால் பெரும்பாலும் கிடைக்கும். மரமெல்லாம் மொட்டையாக இருக்குமே, ஐந்தாயிரம் தண்டமோ என்று தயங்கினேன். இலை இல்லாததால் வசந்தத்தில் மறைந்து கிடக்கும் மண்டபங்களும் கூரை வளைவுகளும் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்தன. உறைந்த குளத்தின் மேல் ஒரு பூனை நிதானமாக நடந்து போனது. வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

பெயர்க் குழப்பம் வேறு: சாங்தொக்குங், சாங்கியோங்குங். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நல்ல வேளை, இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. உள்ளே ஹம்யாங்முன் என்ற வாசலில் டிக்கெட் வாங்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம், சுற்றி வர வேண்டியதில்லை.

6. சியோல் மதில்: முழுவதும் நடக்க ஆசைப்படாதீர்கள்

பழைய நகரைச் சுற்றிய மதில் மொத்தம் 18.6 கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஒரே நாளில் முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். முதல்முறை போகிறவர்களுக்கு நாக்சான் பகுதி போதும்: ஹியேஹ்வாமுன் வாசலில் தொடங்கி தோங்தேமுன் வரை 2.1 கிலோமீட்டர், ஏற்றம் குறைவு, ஒரு மணி நேரம் பிடிக்கும். இலவசம். மாலை நான்கரைக்குத் தொடங்கினால் உச்சியில் இருக்கும்போது சூரியன் மறையும், இறங்கும்போது மதிலில் விளக்கு எரியும்.

பேகக் மலைப் பகுதி செங்குத்து. நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை மாலை மூன்று மணிக்கு மேல் ஏற விடுவதில்லை. நாங்கள் மூன்றே காலுக்குப் போய் நின்றோம். காவலர் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் காட்டினார். மறுநாள் காலையில் போனபோது படிகளில் பனி இறுகிக் கண்ணாடியாகியிருந்தது, ஐஜென் இல்லாமல் இறங்கியிருக்கவே முடியாது. முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

7. சுவோன்: ஒரு பகல் போதும்

சுவோனின் ஹ்வாசோங் கோட்டை மதில் 5.74 கிலோமீட்டர் வட்டம். 1796இல் கட்டி முடித்தது. சியோலில் இருந்து மெட்ரோ முதல் லைனிலேயே சுமார் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், கட்டணம் இரண்டாயிரத்துச் சொச்சம் வோன்.

முதல் லைன் குரோ ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிகிறது. இன்சோன் என்று பலகை போட்ட ரயிலில் ஏறினால் கடற்கரைப் பக்கம் போய்விடுவீர்கள். சின்சாங், சொனான், பியோங்ஜோம், சோதோங்தான் என்று ஏதாவது ஒன்று போட்டிருந்தால் அது சுவோன் வழியாகப் போகும். நாங்கள் ஒருமுறை தவறாக ஏறி முக்கால் மணி நேரம் இழந்தோம். ஜனவரியில் முக்கால் மணி நேரம் என்பது நடக்கக் கிடைக்கும் நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு.

சுவோன் ஸ்டேஷனில் இருந்து பல்தால்முன் வாசலுக்கு பஸ்கள் நிறைய, பத்துப் பதினைந்து நிமிடம். அங்கே மதில் அறுந்து நடுவில் சந்தை இருக்கிறது. எந்தத் திசையில் நடப்பது என்பது குளிர்காலத்தில் முக்கியம். பல்தால்முன்னில் இருந்து மேற்கே படியேறி மலை உச்சியில் உள்ள சோஜாங்தே மேடைக்குப் போங்கள், பிறகு ஹ்வாசோமுன் பக்கம் இறங்குங்கள். பனிப் படியில் ஏறுவது எளிது, இறங்குவதுதான் ஆபத்து. இப்படி நடந்தால் செங்குத்தான பக்கம் ஏற்றமாக அமைந்துவிடும். உச்சியைத் தாண்டிவிட்டால் மீதி முக்கால்வாசி சமதளம். மெதுவாக மூன்று மணி நேரம். வட்டத்தின் நடுவில் உள்ள ஹெங்குங் அரண்மனைக்குச் சிறு கட்டணம், முடிந்தால் பாருங்கள். மதிலில் காற்று சீறும், முகத்தை மூட ஒரு மஃப்ளர் அவசியம்.

8. கியோங்ஜு: இரண்டு இரவாவது

சியோலில் இருந்து கேடிஎக்ஸ் என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒரு வழிக்கு ஐம்பதாயிரம் வோனுக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் ஒரு மாதம் முன்னால் திறக்கும். நீண்டதூர பஸ்ஸில் காசு குறைவு, ஆனால் நான்கு மணி நேரம்.

பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் கியோங்ஜு ஸ்டேஷன் ஊர் நடுவில் இருக்கும். அந்த ஸ்டேஷன் 2021 கடைசியில் மூடப்பட்டுவிட்டது. சின்கியோங்ஜு என்று இருந்ததற்குத்தான் 2023 டிசம்பரில் இருந்து கியோங்ஜு என்று பெயர். அது ஊருக்கு வெளியே, பஸ்ஸில் அரை மணி நேரம். “ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்” என்று எழுதியிருக்கிற விடுதி எந்த ஸ்டேஷனைச் சொல்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அரச சமாதிகள் உள்ள தேரூங்வோன் பூங்காப் பக்கம் அறை எடுத்தால் ஊருக்குள் பஸ்ஸே வேண்டாம். புல் மூடிய குன்றுகள் போன்ற அரச சமாதிகள், சொம்சொங்தே வானியல் கோபுரம், வோல்ஜி குளம் எல்லாமே ஒரே நடை. தேரூங்வோன் பூங்காவுக்கு 2023இல் இருந்து கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் சொன்மாசோங் சமாதிக்கு மட்டும் 3,000 வோன். வோல்ஜிக்கும் 3,000, இரவு பத்து வரை திறந்திருக்கும். வெயில் காலத்தில் அங்கே விளக்கு எரிய எட்டு மணி வரை காத்திருக்க வேண்டும். ஜனவரியில் ஆறு மணிக்கே இருட்டு, ஆறரைக்குப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். நேர விஷயத்தில் குளிர்காலம் எங்களுக்குச் செய்த ஒரே உதவி இது. குளம் முழுக்க உறைந்திருந்தால் பிரதிபலிப்பு தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் புல்குக்சா கோயில். 10, 11 எண் பஸ்கள் போகும், சுமார் முக்கால் மணி நேரம். நுழைவு 2023 மே மாதத்தில் இருந்து இலவசம், பழைய வலைப்பதிவுகளில் உள்ள கட்டணத்தை நம்ப வேண்டாம். சில்லறையில் 10 வோன் காசு கிடைத்தால் எடுத்துப் போங்கள். அதில் இருக்கும் கல் கோபுரம் அங்கே முற்றத்தில் நிற்கும் தாபோதாப்தான். அப்பா காசைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடி, அடுக்கு அடுக்காக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிறுவனும் அவன் அப்பாவிடம் காசு வாங்கி அதையே செய்தான். நான் “அப்பா, வாங்க போகலாம்” என்றதும் அந்த இன்னொரு அப்பாவும் திரும்பிப் பார்த்தார். கொரிய மொழியிலும் அப்பா, அப்பாதான்.

மலை மேல் புத்தர் சிலை உள்ள சொக்குராம் குகைக்கு நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்றம், இல்லையென்றால் 12ஆம் எண் பஸ். பஸ் அடிக்கடி கிடையாது. பனி பெய்த மறுநாள் ஓடுகிறதா என்று கீழேயே கேட்டுவிடுங்கள், கடைசிப் பஸ் நேரத்தையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பஸ்ஸில் மேலே போய், நடந்து இறங்கினோம். புத்தரைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும், உள்ளே படம் எடுக்கத் தடை.

9. சாப்பாடு, குறிப்பாகச் சைவக்காரர்களுக்கு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. அப்பா சைவம். கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயிலேயே பெரும்பாலும் மீன் சாறோ இறாலோ இருக்கும், சூப் என்றால் அடியில் நெத்திலித் தண்ணீர். காய்கறி சேர்த்துப் பிசையும் பிபிம்பாப் சாதத்தில் இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று கொரிய மொழியில் எழுதிய ஒரு சீட்டைக் காட்டினால் செய்து தருகிறார்கள், 9,000 முதல் 12,000 வோன். தெருவில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கையையும் வயிற்றையும் ஒருங்கே சூடாக்கும். மீன் வடிவில் விற்கும் புங்கோப்பாங் ரொட்டியைப் பார்த்து ஒதுங்காதீர்கள், உள்ளே இருப்பது இனிப்புப் பயறு. பக்கத்திலேயே குச்சியில் குத்தி நீரில் மிதக்கும் சமாசாரம் மட்டும் நிஜ மீன்.

கன்வீனியன்ஸ் கடையில் மைக்ரோவேவில் இரண்டு நிமிடத்தில் சூடாகும் சாதக் கிண்ணம் கிடைக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலை அதில் பிசைந்து, கடையின் ஜன்னலோரம் நின்றே சாப்பிட்ட இரவுகள்தான் அப்பாவுக்கு மிகவும் பிடித்தவை. பொடியும் புளிக்காய்ச்சலும் நன்றாக ஒட்டிய பாக்கெட்டில் எடுத்துப் போங்கள். இறைச்சி, பழம், விதை கொண்டுபோகக் கூடாது.

10. மொத்தத்தில் எவ்வளவு

எட்டு இரவு, இருவர் ஓர் அறை, இரவுக்கு 70,000 வோன். ஆளுக்கு 280,000 ஆயிற்று. சாப்பாடு நாளுக்கு ஆளுக்கு 25,000. கேடிஎக்ஸ் போகவர ஒரு லட்சம் வோனை ஒட்டி. உள்ளூர் பஸ், மெட்ரோ 40,000. நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 25,000 தாண்டவில்லை. சிம், ஹாட் பேக், ஐஜென் என்று ஒரு 50,000. ரூபாயில் ஆளுக்குச் சுமார் 43,000. கோலாலம்பூர் வழியாகப் போகவர விமானம் 42,000, அதோடு விசா, உடுப்பு. ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே முடிந்தது.

ஆறு நாள்தான் இருக்கிறது என்றால் பேகக் மலையையும் சுவோனையும் விடுங்கள், கியோங்ஜுவை விடாதீர்கள். கோலாலம்பூர் வழியாகத் திரும்புகிறவர்கள் தெர்மலை இன்சோன் விமான நிலையக் கழிப்பறையிலேயே கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். அப்பா கேட்கவில்லை.